இடது பக்கம் இழுத்த கதிரை

புருசன் றெஜியின் சாவு வீட்டில் ஐறீன் அழவில்லை என்பது கொட்டாஞ்சேனையில் கொஞ்சக் காலம் பேச்சாக இருந்தது.

பஞ்சிகாவத்தையில் சாமான் வாங்கிக்கொண்டு பஸ்ஸில் திரும்பி வரும்போது, யன்னல் ஓரச் சீட்டிலேயே றெஜி தலை சரிந்து போயிருந்தான். பக்கத்தில் இருந்தவர் ஆள் தூங்குகிறது என்று நினைத்து, இறங்குகிற இடத்தில் தோளில் தட்டிப் பார்த்திருக்கிறார். மூளையில் இரத்தக் குழாய் வெடித்துவிட்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். செய்தியோடு போன் வந்தபோது ஐறீன் தையல் மெஷினுக்கு ஊசி மாற்றிக்கொண்டிருந்தாள். போனை வைத்தாள். ஊசியைப் பொருத்தி, திருகை இறுக்கி முடித்துவிட்டுத்தான் எழும்பினாள். ஏன் அப்படிச் செய்தாள் என்று அவளுக்கே விளங்கவில்லை.

ஹெந்தளையிலிருந்து றெஜியின் தங்கை ஜெயராணி வந்து பெட்டியின் மேல் விழுந்து புரண்டாள். ஐறீன் வந்தவர்களுக்குக் கதிரை போட்டாள், யார் யாருக்குச் சீனி இல்லாத பிளேன்டீ என்று கேட்டுக் கேட்டு ஊற்றிக் கொடுத்தாள்.

"அழுதிருங்க அண்ணி. அழுதாத்தான் நெஞ்சு ஆறும்," என்றாள் ஜெயராணி, அவளைக் கட்டிப் பிடித்து.

"வருகுது இல்லையே ஜெயா," என்றாள் ஐறீன். மெய்யாகவே வரவில்லை. பல்லுப் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டால் தன் கன்னம்தான் என்று தெரியும், தொடுவது மட்டும் தெரியாது. அவளுக்கு உடம்பு முழுக்க அப்படி இருந்தது. பேராலயத்தில் பூசை நடந்ததும், மாதம்பிட்டிச் சவக்காலையில் மண் போட்டதும், எல்லாரும் வரிசையில் வந்து கையைப் பிடித்ததும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நடந்த மாதிரி இருந்தது.

அவர்களுக்குப் பிள்ளை இல்லை. வேர்க்ஷொப்தான் இருந்தது. வீட்டின் முன்பக்கத்தை இடித்துக் கட்டிய நீளமான ஒரு அறை அது. ஒரு காலத்தில் அங்கே யன்னல் கிறில்லும் இரும்புக் கேட்டும்தான் றெஜி அடித்துக்கொண்டிருந்தான். ஒரு நாள் வத்தளையிலிருந்து காலில்லாத ஒருவர், கூடைப்பந்து விளையாடுகிற வெளிநாட்டுச் சில்லுக் கதிரை ஒன்றை உடைந்தபடி கொண்டுவந்து, இதை ஒட்டித் தர முடியுமா என்று கேட்டார். பெரிய பெரிய கராஜ் எல்லாம் கையை விரித்திருந்தன. றெஜி அதை ஒட்டிக் கொடுத்தான். கொடுக்கிறதுக்கு முன்னால் அதை நிலத்தில் படுக்க வைத்து, சுற்றிச் சுற்றி வந்து பார்த்தான். அடுத்த வருசம் அவனே ஒன்று செய்தான். அது ஓடவில்லை. இன்னொன்று செய்தான். அது ஓடியது.

விளையாட்டுக் கதிரை ஆஸ்பத்திரிக் கதிரை மாதிரி இல்லை. அதில் பின்னால் பிடித்துத் தள்ளுகிற கைபிடி கிடையாது. பெரிய சில்லு இரண்டும் மேலே கிட்டவும் கீழே அகன்றும் சரிந்து நிற்கும். அப்போதுதான் சட்டென்று திருப்பினாலும் கவிழாது. உட்காருகிறவருடைய இடுப்பு, தொடை, கால் எல்லாவற்றையும் அளந்து, சப்பாத்து மாதிரி ஆளோடு ஒட்டிச் செய்ய வேண்டும். ஒருவருடைய கதிரை இன்னொருவருக்குச் சரிவராது. அலுமினியக் குழாய் வேலை றெஜியுடையது. அளவெடுக்கிறதும், சீட்டுத் துணியும், இடுப்புப் பட்டியும் ஐறீனுடையது. கொரோனா ஊரடங்கில் கையாள் யாரும் வர முடியாமல் இருந்தபோது அவளும் வெல்டிங் பழகினாள். "நீ ஒட்டினதில என்னத்தைக் குறை சொல்லலாமெண்டு தேடுறன், ஒண்டும் கிடைக்குது இல்ல," என்று றெஜி அப்போது சொல்லிச் சிரித்தான்.

அவன் போகும்போது வேர்க்ஷொப்பில் ஒரே ஒரு கதிரை பாதியில் நின்றது. அது அம்னாவுடையது.

அம்னா தெஹிவளைப் பிள்ளை. பள்ளிக்கூடம் விட்டு வரும்போது காலி வீதியில் லொறி மோதி, இடுப்புக்குக் கீழே அசைவு இல்லாமல் போனது. இப்போது கம்பஸ் முடித்துவிட்டாள். டெனிஸ் விளையாடுகிறாள். இவ்வளவு நாளும் யாரோ விட்டுப் போன பழைய கதிரையில், இடுப்பின் இரண்டு பக்கமும் துவாய் மடித்து அடைத்து வைத்து விளையாடினாள். முதல் தடவையாக அவளுடைய உடம்புக்கென்றே செய்கிற கதிரை இது. தாய்லாந்தில் ஒரு போட்டிக்குப் பெயர் கொடுத்திருந்தாள்.

மாத நினைவுப் பூசை முடிந்த பிறகு அம்னாவும் அவளுடைய உம்மா ரபீக்காவும் துக்கம் விசாரிக்க வந்தார்கள். ரபீக்கா பெரிய சட்டியில் கஞ்சி கொண்டுவந்திருந்தாள். அம்னா வேர்க்ஷொப் வாசலிலேயே தன் சாதாரணக் கதிரையில் இருந்தாள். மூலையில் சில்லு பூட்டாமல் நின்ற ஃபிரேமை ஒருக்கால் பார்த்தாள். உடனே முகத்தைத் திருப்பி, சுவரில் இருந்த மாதா படத்தைப் பார்க்கிற மாதிரிப் பார்த்தாள்.

"போட்டி எப்ப?" என்று ஐறீன் கேட்டாள்.

"அது பரவாயில்ல ஆன்டி. நான் பழையதுலயே போவன்."

"எப்ப எண்டு கேட்டனான்."

"அடுத்த மாசம்," என்றாள் ரபீக்கா.

"முடிச்சுத் தாறன்."

ரபீக்கா அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அந்தக் கை தன் கையைப் பிடித்திருப்பதை ஐறீன் பார்த்துக்கொண்டிருந்தாள். கஞ்சி ஆறப் போகிறது, சட்டியைக் கழுவித் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று யோசித்தாள்.

அடுத்த நாளே வேலையைத் தொடங்கினாள். ஃபிரேமில் ஒட்டுகிற வேலையை றெஜி பெரும்பாலும் முடித்துத்தான் இருந்தான். சீட்டுத் துணி வெட்டி, இரட்டைத் தையல் போட்டாள். காலை இறுக்குகிற பட்டிக்கு வெள்ளவத்தையில் போய் நல்ல நாடா பார்த்து வாங்கினாள். முன்சில்லுக்கு மேலே சின்னதாக ஒரு ஒட்டு மட்டும் மிச்சம் இருந்தது. அதற்காக றெஜியின் வெல்டிங் முகமூடியை ஆணியிலிருந்து எடுத்தாள். நெற்றிப் பட்டியில் அவனுடைய வியர்வை மணம் அப்படியே இருந்தது. இப்போது அழுகை வரும் என்று நினைத்து, அதை முகத்தோடு பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றாள். ஒன்றும் வரவில்லை. பட்டி தலைக்குப் பெரிதாக இருந்தது. பின்பக்கத் திருகை இறுக்கிக்கொண்டு ஒட்டத் தொடங்கினாள்.

சாப்பாடு நின்றபடிதான். தெருவால் போகிறவர்கள் உள்ளே எட்டிப் பார்த்துத் தலையாட்டினார்கள், இவளும் தலையாட்டினாள். படுத்தால் தூக்கம் வந்தது, நல்ல தூக்கம். அதைச் சொன்னால் ஆட்கள் என்ன நினைப்பார்களோ என்று யாருக்கும் சொல்லவில்லை.

கதிரையை ஓட்டிப் பார்க்க வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கமாக இருந்த ஒரு பள்ளிக்கூடத்து டெனிஸ் கோர்ட்டைக் கேட்டு வாங்கியிருந்தார்கள். அம்னாவின் தமையன் அர்ஷாத் வான் வண்டியில் கதிரையை ஏற்றிக்கொண்டு வந்து இறக்கிவிட்டு, உம்மாவுக்குப் பக்கத்தில் தூணோடு சாய்ந்து நின்றான். ஐறீன் பட்டிகளை இறுக்கிப் பார்த்தாள். இடுப்பில் ஒரு விரல்கூடப் போக இடமில்லை. துவாயும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம். அம்னா முகம் மலர்ந்து, இரண்டு சில்லையும் ஒரு உந்து உந்தினாள்.

கதிரை போனது. போய், கொஞ்சம் இடது பக்கம் சாய்ந்தது. அம்னா இடது கையால் கூடுதலாக ஒரு உந்து கொடுத்து நேராக்கினாள். திரும்பி வந்தாள். மறுபடியும் இடது பக்கம். பந்து அடித்தார்கள், அவள் ஓடினாள், திரும்பினாள், அடித்தாள். ஒவ்வொரு முறையும் இடது கை, வலது கையைவிட ஒரு வேலை கூடச் செய்தது.

கோட்டுக்கு வெளியே நின்று ஐறீன் அந்தக் கையை மட்டும் பார்த்தாள்.

"எப்படி?" என்றாள், அம்னா வந்து நின்றதும்.

"நல்லா ஈக்கி ஆன்டி. சூப்பரா ஈக்கி."

"இடப் பக்கம் இழுக்குது."

"இல்ல ஆன்டி. புதுசு தானே. எனக்குப் பழக்கமில்ல, அதுதான்."

"அம்னா."

அம்னா மடியில் கிடந்த மட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ரபீக்காதான் வாயைத் திறந்தாள். "இந்தப் புள்ளக்கிச் சொல்ல மனமில்ல ஐறீன். தண்ணி குடிக்க வந்த நேரமே என்கிட்டச் சொல்லிட்டா. ஆன்டிக்கிட்டச் சொல்ல வேணாமாம்."

"உம்மா!" என்று அம்னா கத்தினாள். பிறகு ஐறீனைப் பார்த்து, "அங்கிள் கடைசியாச் செஞ்ச கதிர இது," என்றாள். "இழுத்தா இழுக்கட்டும். நான் இதுலதான் போவன். கையப் பழக்கிக்கொள்ளுவன்."

"எவ்வளவு நேரத்துக்குப் பழக்குவ? அரை மணித்தியாலம் விளையாடினா அந்தத் தோள்மூட்டு கழண்டுடும்."

"பரவாயில்ல."

"பிழையான கதிரையில போய்த் தோத்துட்டு வந்து, அவரு செஞ்ச கதிரை எண்டு ஊரெல்லாம் சொல்லப் போறியா?"

அதைச் சத்தம் போட்டுச் சொல்லவில்லை, பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்கிற மாதிரித்தான் கேட்டாள். அம்னா அழத் தொடங்கினாள். அர்ஷாத் வந்து பட்டியைக் கழற்றினான். கடற்கரை ரெயில் ஒன்று கத்திக்கொண்டு போனது.

வேர்க்ஷொப்பில் கதிரையை மட்டமான இரும்பு மேசையில் ஏற்றி ஐறீன் அளந்தாள். இரண்டு சில்லுக்கும் நடுவில் முன்னால் எவ்வளவோ, பின்னாலும் அவ்வளவு இருக்க வேண்டும். இல்லை. இடப்பக்கச் சில்லு முன்னால் கொஞ்சம் வெளியே பார்த்துக்கொண்டிருந்தது. சில்லைக் கழற்றிவிட்டு, இரண்டு சில்லையும் சேர்க்கிற குறுக்குக் குழாயைக் கவிழ்த்துப் பார்த்தாள். வலது பக்க ஒட்டு றெஜியின் ஒட்டு; சின்னச் சின்ன நாணயங்களை அடுக்கிவைத்த மாதிரி, ஒன்றன்மேல் ஒன்று. இடது பக்கம் அப்படி இல்லை. ஓரிடத்தில் தடித்து, ஓரிடத்தில் மெலிந்து, நடுவில் ஊசித் துளைகள் விழுந்து, முதல்முதல் வெல்டிங் பிடித்த ஒருத்தன் ஒட்டினதைப் போல இருந்தது. அதன்மேல் அரம் போட்டுத் தேய்த்தும் இருந்தான்.

அவள் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

கடைசி நாட்களில் றெஜி சட்டைப் பொத்தானை ஒரு கையால் போட்டான். பிளேன்டீக் கோப்பையை நழுவ விட்டு உடைத்தான். இடது கை மரத்த மாதிரி இருக்குது, படுத்த படுக்கை சரியில்லை என்று ஒரு காலையில் சொன்னான். ஆஸ்பத்திரிக்குப் போவோமா என்று அவள் கேட்டதற்கு, "அம்னாட கதிரை முடியட்டும்" என்றான். அந்தக் கையால்தான் ஒட்டியிருக்கிறான். ஒட்டினது பிழை என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துதான் அரம் போட்டிருக்கிறான். பெண்சாதிக்குத் தெரியக்கூடாது என்று தேய்த்தானா, பிறகு திருத்தலாம் என்று தேய்த்தானா? கேட்க ஆள் இல்லை.

கோபம் ஒன்று எழும்பப் பார்த்தது. முட்டி வரைக்கும் வந்த தண்ணீர் மாதிரி வந்தது, பிறகு அதுவும் வடிந்துவிட்டது. அவள் எழும்பிப் போய்ப் புதுக் குழாய் ஒன்றைத் தேடி எடுத்து அளந்து வைத்தாள்.

மறுநாள் காலை கிறைண்டரைக் கையில் எடுக்கும்போது ஜெயராணி வந்தாள். நினைவுப் பூசைக்குப் பெரிதாக்கின றெஜியின் படத்துக்குச் சட்டம் போட்டுக் கொண்டுவந்திருந்தாள். மேசையில் கவிழ்ந்து கிடந்த கதிரையைப் பார்த்தாள், குழாயில் ஐறீன் போட்டிருந்த வெட்டுக் கோட்டைப் பார்த்தாள்.

"என்ன அண்ணி செய்யப் போறீங்க?"

"வெட்டப் போறன்."

"அண்ணன் கடைசியாத் தொட்டது இது!"

"ஓம்."

"மனசு என்ன கல்லா உங்களுக்கு?" ஜெயராணி படத்தைச் சுவரோரம் வைத்துவிட்டு வந்து கதிரையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "அந்தப் பிள்ளைக்கு வேற ஒண்டு செஞ்சு குடுங்க. இத நான் ஹெந்தளைக்குக் கொண்டு போறன். முன்னறையில வெச்சிருப்பன். உங்களுக்கு வேணாமெண்டா எனக்கு வேணும்."

"வேற ஒண்டு செய்ய நாள் இல்ல ஜெயா. அவ போறதுக்கு முதல் முடிக்கோணும்."

"அப்ப அண்ணன் செஞ்சதுக்கு ஒரு மதிப்பும் இல்லையா?"

ஐறீன் அவளுடைய விரலைப் பிடித்து, அந்த ஒட்டின்மேல் வைத்தாள். "தடவிப் பார். இது உங்க அண்ணன் ஒட்டுற ஒட்டா? இப்ப இந்தப் பக்கம் தடவு."

ஜெயராணி இரண்டு பக்கமும் தடவினாள். அவளுக்கு வெல்டிங் தெரியாது. ஆனால் ஒரு பக்கம் ஒரே சீராக ஓடிய விரல் மற்றப் பக்கத்தில் தடக்கியது.

"அவருக்குக் கை ஏலாமப் போயிருந்திருக்கு," என்றாள் ஐறீன். "அதோட வேலை செஞ்சிருக்கிறார். எனக்கு முழுசாச் சொல்லல்ல."

சொல்லி முடித்த பிறகுதான், இதை முதல்முறையாக ஒருவருக்குச் சொல்கிறாள் என்று தெரிந்தது. ஜெயராணி முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அழுதாள். ஐறீன் அவள் அழுது ஓயும்வரை கிறைண்டரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். ஓயவில்லை. "தள்ளி நில்லு, பொறி பறக்கும்," என்று சொல்லிவிட்டு ஸ்விட்சைத் தட்டினாள்.

குழாயின் ஒரு பக்கம் வெட்டுப்பட்டதும் மறுபக்கம் ஆடத் தொடங்கியது. ஐறீனுக்கு மூன்றாவது கை இல்லை. "ஜெயா, அதப் பிடி," என்று கத்தினாள். ஜெயராணி கண்ணைத் துடைக்காமலேயே வந்து அந்த நுனியைப் பிடித்தாள். தமையன் தொட்ட குழாயை, அது முழுக்க அறுந்து விழும்வரைக்கும், கண்ணீரும் மூக்குமாக அவள்தான் பிடித்துக்கொண்டு நின்றாள். அறுந்த துண்டு சூடாக இருந்தது. ஆறினதும் அதைப் பேப்பரில் சுற்றித் தன் ஹாண்ட்பேக்கில் போட்டாள். ஐறீன் வேண்டாம் என்று சொல்லவில்லை. பின்னேரம் இரண்டு பேரும், இன்னும் திருப்பிக் கொடுக்காமல் கிடந்த ரபீக்காவின் கஞ்சிச் சட்டியைக் கழுவித் துடைத்துவிட்டு, பாணும் சம்பலும் சாப்பிட்டார்கள். போகும்போது ஜெயராணி, "சனிக்கிழமை வாறன் அண்ணி," என்றாள்.

புதுக் குழாயை ஐறீன் அவசரப்படாமல் ஒட்டினாள். கொஞ்சம் ஒட்டுவாள், அளப்பாள், ஆற விடுவாள், மறுபடி அளப்பாள். சூட்டில் அலுமினியம் கோணும். கோணினதை அடுத்த ஒட்டால் திருப்பி இழுக்க வேண்டும். முன்னும் பின்னும் அளவு ஒத்து வந்தபோது சந்தோசப்பட வேண்டும் என்று தெரிந்தது. அளவு நாடாவைச் சுருட்டி வைத்தாள்.

இரண்டாம் முறை கோர்ட்டில் கதிரை நேராகப் போனது. அம்னா போய், திரும்பி, பின்பக்கமாகச் சுழன்று வந்து நின்றாள். ஐறீனின் இடுப்பைக் கட்டிக்கொண்டு முகத்தை அவளுடைய வயிற்றில் புதைத்தாள். ஐறீன் அந்தத் தலையில் கையை வைத்தாள். முக்காட்டுத் துணி வெயிலில் சூடாகியிருந்தது. அந்தச் சூடு உள்ளங்கைக்குத் தெரிந்தது. அவ்வளவுதான்.

தாய்லாந்தில் அம்னா முதல் ஆட்டத்தில் வென்று, இரண்டாவதில் ஒரு ஜப்பான்காரியிடம் நன்றாகத் தோற்றாள். ரபீக்கா வீடியோ அனுப்பினாள். ஐறீன் அதைச் சத்தமில்லாமல் போட்டு, பந்தைப் பார்க்காமல், சில்லைப் பார்த்தாள். திரும்பி வந்த அம்னா தோற்றதைப் பற்றிக் கவலைப்படவில்லை. கால்பட்டி கணுக்காலில் வெட்டுகிறது, சீட்டை அரை இஞ்சு பதித்தால் நல்லது, ஜப்பான்காரியின் கதிரையில் முன்சில்லு வேறு மாதிரி, அதைப் போலச் செய்ய ஏலுமா என்று, வந்து இறங்கினதிலிருந்து மூச்சு விடாமல் குறை சொன்னாள். படமும் எடுத்து வந்திருந்தாள். ஐறீன் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, "செய்யலாம்," என்றாள்.

அதற்குப் பிறகு ஒரு வேலை நாளில், வாசலில் த்ரீவீல் ஆட்டோ ஒன்று நின்றது. கம்பஹாப் பக்கத்திலிருந்து வந்த ஒரு சிங்களவர். இராணுவத்தில் இருந்தபோது ஒரு காலை இழந்தவர். கூடைப்பந்து டீமுக்குக் கதிரை வேண்டும். த்ரீவீலில் இருந்தபடியே தலையை நீட்டி, றெஜி ஐயா இருக்கிறாரா என்று சிங்களத்தில் கேட்டார்.

ஐறீன் பதில் சொல்ல வாயைத் திறந்தாள். றெஜி செத்துப்போனான் என்பதைத் தமிழில்கூட அவள் ஒருமுறையும் சொன்னதில்லை. எல்லாருக்கும் அவளுக்கு முன்னாலேயே தெரிந்திருந்தது. தெரியாதவர்களுக்கு ஜெயராணி சொன்னாள், ரபீக்கா சொன்னாள், சுவரில் ஒட்டிய கறுப்பு வெள்ளை நோட்டீஸ் சொன்னது. இப்போது பக்கத்தில் ஒருவரும் இல்லை.

"எயா நெதிவுணா," என்றாள்.

செத்துப்போனதைச் சிங்களத்தில் மரியாதையாக அப்படித்தான் சொல்வார்கள். இல்லாமல் போய்விட்டார் என்று அர்த்தம். சின்ன வயதிலிருந்து எத்தனையோ பேருக்குச் சொல்லிப் பழகின சொல். இன்றைக்கு அது வாயிலிருந்து வெளியே வந்து, திரும்பிக் காதுக்குள் போனபோது, அவளுக்கு அதன் அர்த்தம் மட்டும்தான் கேட்டது. றெஜி இல்லை. வேர்க்ஷொப்பில் இல்லை, பஸ்ஸில் இல்லை, பஞ்சிகாவத்தையிலும் இல்லை.

அந்த மனிதர் தொப்பியைக் கழற்றினார். "அனே, தெரியாது அக்கே," என்றார். "அப்ப கதிரை?"

"நான் செய்வேன். உள்ளே வாங்க," என்றாள் சிங்களத்தில்.

அவரை மேசைக்குப் பக்கத்தில் இருத்தி, முழங்காலில் நின்று இடுப்பை அளந்தாள். நாடாவில் இருந்த இலக்கம் மங்கித் தெரிந்தது. கண்ணை முழங்கையால் துடைத்துவிட்டு, நாடாவை எடுத்து, மறுபடியும் முதலிலிருந்து அளந்தாள்.